தலை இடிக்காத வாசல்

அடுத்தவர் கோயிலின் படியை உடைத்தவன் நான். கடப்பாரையால் அல்ல, கணினியில், ஒரே டிலீட் பொத்தானில். உடைத்துவிட்டு நன்றி சொல்வார்கள் என்று காத்திருந்தேன் பாருங்கள், அங்கேதான் என் முட்டாள்தனம் முழுமை பெற்றது.

துபாயில் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். பக்கத்து மேசை லின், சீனாவின் ஃபூஜியான் பக்கத்துக்காரர். ஊரில் அவர்கள் வம்சத்தார் கும்பிடும் தாவோ கோயிலைப் புதுப்பிக்கிறார்கள். அதன் பின்கூடத்தில் தாத்தா, பாட்டன், பூட்டன் எல்லோரும் பெயர் பொறித்த மரப்பலகைகளாக வீற்றிருக்கிறார்களாம். கையால் வரைந்த பிளானைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரக் கேட்டார். கராமா பகுதியில் நான் தங்கியிருக்கும் ரூமில் ஒரு லீவு நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றினேன். ஏற்றியதோடு நிறுத்தினேனா? வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுக்குப்படி இருந்தது. யாராவது தடுக்கி விழுவார்கள் என்று எடுத்துவிட்டேன். பின்கூடம் மூன்று படி உயரத்தில் இருந்தது; வீல்சேர் போகாதே என்று தரையைச் சமமாக்கினேன்.

மறுநாள் லின் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மை கிராண்ட்ஃபாதர், யூ புட் டவுன்" என்றார். பெரியவரை அடக்கம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் எழுந்து, "வெரி சாரி, லின் பாய்" என்று கையைப் பற்றினேன். அவர் கையை உருவிக்கொண்டு, தாளில் கோடு போட்டு விளக்கினார். உள்ளே போகப் போகத் தரை உயர வேண்டும்; முன்னோர் நமக்கு மேலே. நான் வரைந்ததில் தாத்தாவும் செருப்பு ஸ்டாண்டும் ஒரே மட்டம். வாசல் படி தடுக்க வேண்டும் என்றுதான் வைத்தது. காலைத் தூக்குகிறவன் கீழே பார்ப்பான். தலை தானாகக் குனியும்.

குனியும் என்றதும் என் நெற்றி வலித்தது. அறந்தாங்கியில் எங்கள் வீட்டு வாசல் நிலை அப்பாவின் உயரத்துக்கு இரண்டு விரற்கடை குறைவு. பஸ் கண்டக்டரான அவர் டூட்டி முடிந்து வரும்போது, தோல்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தினமும் குனிந்துதான் நுழைவார். பிளஸ் டூ படிக்கையில் நான் அவர் உயரத்துக்கு வந்ததைக் கண்டுபிடித்ததே அந்த நிலைதான். இடித்த சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, "வளந்துட்டான்" என்று சிரித்தார். அம்மா குள்ளம். அவளுக்கு அந்த வாசலால் ஒரு தொந்தரவும் இல்லை.

அப்பா போன பிறகு, வீட்டை இடித்துக் கட்ட இங்கிருந்தே பிளான் அனுப்பியவனும் நான்தான். வாசல் ஏழடி. பழைய நிலையைப் பூஜை அறைக்காவது வைக்கலாமே என்று அம்மா கேட்டபோது, இந்தக் காலத்தில் எவன் குனிந்து போவான் என்று கிண்டலடித்தேன். நிலை இப்போது கொல்லையில் மழையில் கிடக்கிறது. சனிக்கிழமை கொத்தனார் ஏழடி நிலையை நிறுத்தப்போகிறார்.

லின்னின் படிகளை மறுபடி வரைந்து கொடுத்த கையோடு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அம்மா, அப்பாவோட நிலையையே வாசல்ல வச்சிருவோம். எல்லாரும் குனிஞ்சே வரட்டும்."

அந்தப் பக்கம் கொத்தனார் சாந்து வழிக்கும் சத்தத்துக்கு நடுவே அம்மா கேட்டாள்.

"குனியுறதுக்கு இங்க யாருடா இருக்கா?"