ஒரு குதிகால் தட்டு

எழுபதுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். வாரம் இரண்டு நாள் நாடக வகுப்பு. சென்னையில் ஏதோ பட்டறைக்குப் போய்வந்த நாடக வாத்தியார், வசனத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு உடம்பால் மட்டுமே நடிக்க வேண்டும் என்றார். மரமாக நில், மடைத் தண்ணீராக ஓடு, ஏரிக்கரையாகக் குனி. ராஜா வேஷம் கட்டும் ஆசையோடு போன எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

கூடப் படித்த ஒருவனோடு வாத்தியார் என்னை ஜோடி சேர்த்துவிட்ட பிறகுதான் அது பிடித்துப்போயிற்று. இருவருக்கும் ஒரகடம் பக்கத்தில் ஒரே ஊர். அவன் ஊருக்குள், நான் காலனியில். வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நடந்துவிடுவோம். அப்படி நடக்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

நாடகம் ஏரி உடைவதைப் பற்றியது. கடைசிக் காட்சியில் கரையில் நிற்பவன் பின்பக்கமாகச் சாய்வான், இன்னொருவன் தாங்குவான். சாய்வது அவன், தாங்குவது நான். அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் குதிகாலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் தயார் என்று அர்த்தம். முதல் வாரம் முழுக்கப் பயந்து முழங்காலை மடக்கினான். ஒரு நாள் மடக்கவில்லை. அவன் முழுப் பாரமும் வியர்வையோடு என் மார்பில் வந்து விழுந்தது.

"யப்பா, எங்க வூட்டுக் கட்டில்லகூட இப்டி வுழுந்ததில்லடா" என்று சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் என்னை நம்பித் தன் உடம்பைக் கொடுத்திருந்தான்.

வருடக் கடைசி முகாம் எங்கள் ஊரிலேயே அமைந்தது. பள்ளிக்கூட மைதானத்தில், சாயங்கால வெளிச்சத்தில் நாடகம். எனக்கு வேஷம் என்று தோளில் ஒரு துண்டு மட்டும். எல்லாம் நன்றாகவே போயிற்று. கடைசிக் காட்சியில் அவன் முதுகு என் முன்னால் இருந்தது. குதிகாலால் தட்டினேன். அதே நொடியில் கூட்டம் விலக, அவனுடைய அப்பா உள்ளே வந்தார்.

அவர் எதிரே வந்தால் சின்ன வயதிலிருந்து என்ன செய்வேனோ, அதையே செய்தேன். யோசிக்கவே இல்லை. கை தோள் துண்டை இழுத்து அக்குளில் இடுக்கியது, கால் இரண்டடி ஒதுங்கி நின்றது.

அவன் முழங்காலை மடக்காமல் விழுந்தான்.

இடது முழங்கை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாத்தியார் ஓடிவந்து என்னைத் திட்டினார். மகனைத் தூக்கி நிறுத்திய அப்பாதான் எனக்காகப் பேசினார்: "அவன இன்னாத்துக்கு வாத்தியாரே திட்றீங்க? மரியாத தெரிஞ்ச பையன். என்னைப் பாத்து ஒதுங்கிக்கினான்." அந்தப் பாராட்டைப்போல ஒரு செருப்படி எனக்கு அதற்குமுன் விழுந்ததில்லை, பின்னாலும் விழவில்லை.

அவன் வலியோடு என்னைப் பார்த்து, "தட்னியேடா" என்றான்.

அதன்பின் அவன் வகுப்புக்கு வரவில்லை. அவன் தெருவுக்குள் நான் எப்படிப் போவது? தெருமுனைவரை நாலு தடவை போய்த் திரும்பினேன். பைத்தியக்காரன், ஐந்தாவது தடவையாவது உள்ளே போயிருக்கலாம்.

சில வருடம் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை. எனக்கு முன்னால், நிமிராத இடது கையோடு, அவன். என்னைப் பார்க்கவில்லை. சிமெண்ட் தரையில் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவன் தோள் இறுகியது. திரும்பவில்லை. வலது கையை நீட்டிப் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.