பாம்பில்லாத ஊருக்கு மடு மண்

எனக்கு யாத்திரை போற ஆசை எண்டு ஒண்டும் இருக்கேல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன். ஒக்லண்டில, பென்ரோஸ் பக்கம் ஒரு கிடங்கில பெட்டி கட்டுற வேலை எனக்கு. விடிய இருட்டோட போய் பூட்ஸைப் போட்டால், பின்னேரம் கழட்டும்வரைக்கும் கொங்கிறீட் நிலத்தில நிண்டபடிதான். குதிக்கால் ரெண்டும் வயல் மாதிரி வெடிச்சுப் போய்க் கிடக்கு. வீட்ட வந்தால் சமையல், பிறகு மருந்து எடுத்துக் குடுக்கிறது. லீவு கிடைச்சால் போர்த்து மூடிக்கொண்டு படுக்கிற ஆள் நான். ஊரில இருக்கிற மடுமாதா கோயிலுக்குப் போகவேணுமெண்டு தவம் கிடந்தது என்ரை மனுசன்.

அவருக்குக் கிட்னி ரெண்டும் பழுது. ஒண்டைவிட்டொரு நாள் டயாலிசிஸ். கையில ஊசியைக் குத்தி, ரத்தத்தை மெஷினால சுத்தமாக்கித் திருப்பி ஏத்துவினம். போன வருசம் டொக்டர் சொல்லிப்போட்டா, இதயமும் பலவீனமாயிருக்கு, இனித் தூரப் பயணம் வேண்டாம் எண்டு. காரில திரும்பி பிளாட் புஷ்ஷுக்கு வந்து எங்கட வீட்டு வாசலில காரை நிப்பாட்டின பிறகுதான், "அப்ப நான் இனி மடுவைப் பாக்கமாட்டன்" எண்டார். அழேல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாயிருந்திருக்கும்.

மடுவெண்டால் அவருக்கு வெறும் கோயிலில்லை. சண்டைக்காலத்தில அவரின்ரை குடும்பம் இடம்பெயர்ந்து போய், மடுமாதா கோயில் வளவில மரங்களுக்குக் கீழ கொட்டில் போட்டு இருந்தது. சுத்தவரக் காடு. மழை பெய்ஞ்சால் பாம்பு கொட்டிலுக்குள்ளயே வருமாம். ஒருத்தரையும் தீண்டேல்லை எண்டுவார். மடு மண் இருக்கிற இடத்தில பாம்பு கடிக்காது, கடிச்சாலும் அந்த மண்ணைப் பூசினால் விஷம் ஏறாது எண்டது எங்கட சனத்தின்ரை நம்பிக்கை. ஊரில கன வீடுகளில சுருவமெண்டு சொல்லுற மாதா சிலைக்குப் பக்கத்தில ஒரு பொட்டலம் மடு மண் இருக்கும். சைவசமயக்காரரும் வந்து எடுத்துக்கொண்டு போவினம். எங்களிட்டயும் ஒரு பொட்டலம் இருந்தது. வீடு மாறி மாறித் திரிஞ்ச திரிச்சலில அது எங்க போச்சுதோ தெரியாது.

ஒரு நாள் பின்னேரம் செபமாலை முடிச்சுப்போட்டுக் கேட்டார், "நீர் ஒருக்கா மடுவுக்குப் போயிட்டு வாரும்" எண்டு. கடைக்குப் போய் பால் வாங்கி வாரும் எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. உங்களை ஆர் பாக்கிறது? என்ரை வேலையை ஆர் பாக்கிறது?"

எங்கட மகள் இஞ்ச பிறந்தவள். நாங்கள் தமிழில கேட்டால் அவள் இங்கிலிசில பதில் சொல்லுவாள். மாதா இஞ்சத்தைக் கோயிலிலயும் இருக்கிறாதானே அப்பா, அங்க போய் மெழுகுதிரி கொழுத்துவம், அவ்வளவு தூரம் ஏன் எண்டு கேட்டாள். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் நினைச்சனான்.

"மாதா எல்லா இடமும் இருக்கிறா" எண்டார் அவர். "நாங்கள் எல்லா இடமும் இல்லையே, பிள்ளை. எழும்பிப் போனால்தானே எங்களுக்கு அவ வேணுமெண்டு எங்களுக்கே தெரியும்."

பிறகு என்னைப் பாத்துச் சொன்னார், "மடுச் சந்தியில இறங்கி, செருப்பைக் கழட்டிப்போட்டு நடவும். வரேக்க ஒரு பிடி மண் கொண்டு வாரும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"இந்த நாட்டில பாம்பே இல்லையே, அப்பா. மண்ணை வைச்சு என்ன செய்யப் போறியள்?" எண்டன் நான். மகளைப் போல நானும் அவரை அப்பா எண்டுதான் கூப்பிடுறது.

"பாம்புக்கில்லை" எண்டார். "அந்த மெஷினடியில இருக்கேக்க பயமாக் கிடக்கு."

கலியாணம் கட்டின நாளிலயிருந்து அந்த மனுசன் பயமெண்டு ஒரு சொல்லுச் சொல்லி நான் கேக்கேல்லை. ஷெல் விழுந்த கதைகளைக்கூடச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லுவார். அடுத்த கிழமை நான் டிக்கெட் போட்டிட்டன். மகள் லீவெடுத்து அப்பாவைப் பாத்துக்கொள்ளுறன் எண்டாள்.

ஆவணித் திருவிழாவுக்குப் போனன். ஒக்லண்டில ரெண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு திரிஞ்ச உடம்பு, மடுச் சந்தியில பஸ்ஸால இறங்கினவுடன வெந்துபோச்சு. செருப்பைக் கழட்டிப் பையுக்குள்ள வைச்சன். சனத்தோட சனமா நடந்தன். றோட்டோரத்துச் செம்புழுதி கணுக்கால்வரைக்கும் ஏறிச்சு. முன்னால ஒரு பெடியன் தகப்பனைத் தோளில தூக்கிக்கொண்டு போனான். பாட்டுப் படிக்கிற ஆக்கள் ஒரு பக்கம், ஐஸ்பழம் குடிக்கிற ஆக்கள் ஒரு பக்கம். என்ரை வெடிச்ச குதிக்காலுக்குள்ள ஒவ்வொரு கல்லும் போய்க் குத்திச்சு.

அருள்நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினனான்தான். பாதியில விட்டுப்போட்டு மாதாவோட கொழுவத் தொடங்கிட்டன். உமக்கென்ன, பூ மாலையோட கூட்டுக்குள்ள நிக்கிறீர், நான் நிண்டு நிண்டு செத்துப்போனன், இப்ப நடக்கவும் விட்டிருக்கிறீர் எண்டு வாய்க்குள்ள ஏசிக்கொண்டு போனன். கன தூரம் ஏசின பிறகுதான் யோசிச்சன், இவ மட்டும் என்ன சொகுசா இருந்தவவோ? வயித்தில பிள்ளையோட மலைநாட்டுக்கு நடந்தவ. கைக்குழந்தையோட இரவோடிரவா வேற நாட்டுக்கு ஓடினவ. பிறகு அந்தப் பிள்ளை சிலுவையைத் தூக்கிக்கொண்டு போகேக்க பின்னால போனவ. அகதியா அலைஞ்ச ஒரு பொம்பிளைதானே அவவும். இந்தச் சனம் ஏன் இவவிட்ட நடந்து வருகுதெண்டு அப்பதான் எனக்குக் கொஞ்சம் விளங்கிச்சு. களைப்பைச் சொல்லுறதெண்டால், களைச்ச ஆளிட்டத்தானே சொல்லவேணும்.

கோயிலுக்குள்ள பெரிசா ஒண்டும் நடக்கேல்லை. காட்சியுமில்லை, கண்ணீருமில்லை. கால் எரிஞ்சது. "அவருக்குப் பயம் வராமல் பாத்துக்கொள்ளும்" எண்டு மட்டும் கேட்டன். வெளியில வந்து ஒரு பிடி மண் எடுத்து, முகம் துடைக்கிற லேஞ்சியில முடிஞ்சு, பொலித்தீன் பையில போட்டு, கைப்பையின்ரை அடியில வைச்சன்.

திரும்பி ஒக்லண்ட் எயார்போட்டில இறங்கேக்க எனக்கு நித்திரையால கண் தெரியேல்லை. மண், விதை, இலை, தழை ஏதும் கொண்டு வாறியளோ எண்டு கேப்பினம் எண்டு தெரியும். இல்லை எண்டு சொல்லிப்போட்டு வருவமெண்டுதான் விமானம் முழுக்க நினைச்சுக்கொண்டு வந்தனான். பிடிச்சால் தண்டம் எண்டதும் தெரியும். ஆனா பொய் சொல்லுறதுக்கும் உடம்பில தெம்பு வேணும். மாதாவின்ரை மண்ணைப் பையில வைச்சுக்கொண்டு, நெஞ்சிடிக்க நிண்டு பொய் சொல்லுற தெம்பு என்னட்ட இருக்கேல்லை. ஓம், இருக்கு எண்டன்.

பையைச் சோதிக்கிற மேசையில ஒரு இளம் பிள்ளை நிண்டா. லேஞ்சியை அவிழ்த்துப் பாத்துப்போட்டு, இது என்னத்துக்கு எண்டு மரியாதையாக் கேட்டா. எனக்கு வேற இங்கிலிஸ் வரேல்லை, "பாம்புக்கு" எண்டன்.

"இஞ்ச பாம்பு இல்லையே."

"தெரியும், பிள்ளை."

மண்ணில கிருமி வரும், விடேலாது, மன்னிக்கவேணும் எண்டா. அவ சொன்னது சரிதான், அவவில ஒரு பிழையுமில்லை. அவ மண்ணைக் கொண்டுபோய்த் தொட்டியில கொட்டினா. என்ரை செருப்பையும் வாங்கி, அடியில ஒட்டின புழுதியை நல்லாக் கழுவித் துடைச்சு, ஈரத்தோட திருப்பித் தந்தா. லேஞ்சியும் தரேல்லை. நான் கும்பிடுற மாதிரிக் கையை வைச்சுக்கொண்டு நிண்டன், அவ்வளவுதான்.

மகள் காரில ஏதோ கேட்டுக்கொண்டு வந்தாள். நான் யன்னலால பாத்துக்கொண்டிருந்தன். என்னத்தைச் சொல்லுறது அந்த மனுசனுக்கு? கேட்டது ஒரே ஒரு பிடி மண்.

அவர் ஹீட்டருக்குப் பக்கத்தில, முகம் வழிச்சு, ஸ்திரிக்கை போட்டு மினுக்கின சேட்டோட இருந்தார். சுருவத்தடியில ஒரு சின்னக் கிண்ணம் கழுவித் துடைச்சு வைச்சிருந்தது. அதைக் கண்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது.

"எடுத்துப்போட்டினம், அப்பா. நான்தான் இருக்கெண்டு சொன்னனான். என்னால ஒளிக்கேலாமல் போச்சு."

அவர் கிண்ணத்தைப் பாத்தார். "சரி, விடும்" எண்டார். அந்தச் "சரி"யை எனக்குத் தெரியும். மெஷினடியில ஊசி குத்தேக்கயும் நேர்சிட்ட அப்பிடித்தான் சொல்லுவார்.

எனக்கு எங்கயிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். வெயிலை ஏசினன், விமானத்தை ஏசினன், இந்த நாட்டை ஏசினன், கடைசியா அவரையே ஏசினன், ஆரும் செய்யாத வேலையெல்லாம் செய்யச் சொல்லி என்னை அனுப்பினியளே எண்டு. நான் முடிச்ச பிறகு அவர் என்ரை காலைப் பாத்தார்.

"செருப்பில்லாமலோ நடந்தனீர்?"

"பின்னை? நீங்கள் சொன்னது அப்பிடித்தானே."

"காலைக் காட்டும்."

"விசரே உங்களுக்கு? ஊத்தைக் கால்."

அதுக்குள்ள அவர் குனிஞ்சிட்டார். ஊசி குத்திக் குத்தி வீங்கின அந்தக் கையால என்ரை காலைத் தூக்கித் தன்ரை மடியில வைச்சார். எங்கட ஆக்களுக்குள்ள மனுசன்மார் மனுசியின்ரை காலைத் தொடுறதில்லை. நான் இழுத்தன், அவர் விடேல்லை. வழியில குளிச்சு முழுகித்தான் வந்தனான், ஆனா குதிக்கால் வெடிப்புக்குள்ள அந்தச் சிவப்பு இன்னும் கோடு கோடாக் கிடந்தது. பூட்ஸும் கொங்கிறீட்டும் வெட்டின வெடிப்பு. அதுக்குள்ள மடு.

சுருவத்தடியில இருந்த தீர்த்தப் போத்திலை எட்டி எடுத்து, பெருவிரலை நனைச்சு, வெடிப்புக்குள்ள விட்டுத் தேய்ச்சார். நொந்தது. விரலில லேசாச் சிவப்புப் பிடிச்சது. அதால தன்ரை நெத்தியில ஒரு சிலுவை போட்டார். பிறகு சேட்டுக் கையை மடிச்சு, ஊசி குத்துற இடத்தையும் சிவப்பு மிச்சமில்லாத விரலையும் பாத்தார்.

"மற்றக் காலையும் தாரும்" எண்டார்.

குடுத்தன்.