தங்கச்சியின் மலையூரில் ஓர் அறை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுதிக்கொண்டு போகும்போதே முன்னுக்கு என்ன எழுதினேன் என்பது மறந்து போகிறது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். அதனால் மகள் பாதியில் விட்ட ஒரு கொப்பியில் இதை எழுதுகிறேன்.

என் தங்கச்சி இத்தாலியில் ஒரு மலை உச்சியில் இருக்கிறாள். சின்ன ஊர். அங்கே படுக்கையில் கிடக்கும் ஒரு வயோதிப அம்மாவைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. நான் மகளோடு சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறேன். நாங்கள் இருவரும் நேரில் கண்டு முப்பத்தொரு வருடம். இந்த ஈஸ்டருக்கு மகளுக்கு இரண்டு கிழமை லீவு கிடைத்தது. போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதுதான் முடிவாகவில்லை.

மலையடியில் ஒரு டவுன் இருக்கிறது. அங்கே லிப்ட் வைத்த ஹோட்டல்கள் நிறைய. ஆனால் அங்கிருந்து மேலே போக ஒரே ஒரு பஸ். காலையில் ஏறும், நண்பகலுக்குள் இறங்கிவிடும். தங்கச்சிக்கோ இரண்டு மணிக்குப் பிறகு, அந்த அம்மா நித்திரை கொள்ளும் இரண்டு மணித்தியாலம்தான் ஓய்வு. அவள் படுப்பதும் அந்த அம்மாவின் அறையிலேயே, மடக்குக் கட்டிலில். மகள் அந்த மலை றோட்டில் கார் ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே மேலே தங்கினால்தான் தங்கச்சியைக் காணலாம். கீழே தங்கினால் மலையைத்தான் காணலாம்.

ஒரு வியாழக்கிழமை மகள் வீட்டிலிருந்து வேலை செய்தாள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, ஒரு றூம் கிடைச்சிருக்கு! சித்தியின்ர ஊருக்குள்ளையேதான். இது ஒண்டுதான் மிச்சம். புக் பண்ணட்டே?"

நான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் பொங்கலுக்குச் சும்மா கொடுத்தது. வியாழன், இராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை.

"பத்து நிமிசம் பொறு பிள்ளை. இராகு காலம் முடியட்டும்."

அவள் சிரித்தாள். "இப்ப டேலைட் சேவிங் அம்மா. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கு. உங்கட இராகுவும் நாலு மணிக்குத்தான் வீட்டை போவார்."

பகிடிக்குத்தான் சொன்னாள். நான் திரும்பவும் கலண்டரைப் பார்த்தேன். சூரியனை வைத்துத்தானே இராகு காலம்? அப்படியென்றால் அவள் சொல்வது சரிதானே?

"அப்ப நாலு மணிக்கே போடு" என்றேன்.

"உண்மையாவோ அம்மா?"

"ஓம். முப்பத்தொரு வருசம் பொறுத்தனாங்கள். ஒரு மணித்தியாலம் பொறுக்க மாட்டமே?"

அவளுக்கு மூன்று மணிக்கு மீற்றிங். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கதிரையில் இருந்து மணிக்கூட்டையே பார்த்தேன். நாலு அடித்து ஐந்து நிமிடம் கழித்து லப்ரொப்போடு வந்தாள். திறந்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"போட்டுது அம்மா. ஆரோ எடுத்திட்டினம்."

திட்டியிருந்தால்கூட நல்லாயிருந்திருக்கும். கீழ் டவுனில் ஹோட்டல் தேடத் தொடங்கினாள். நான் அடுப்படிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன்.

பின்னேரம் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். அந்த அம்மாவுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டே கதைத்தாள். அறையை வேறு யாரோ முந்தி எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"பரவாயில்லை அக்கா. நீங்கள் கீழை வந்து நில்லுங்கோ. போனிலை கதைப்பம்."

"அவ்வளவு தூரம் வந்தும் போனிலையோ?"

அவள் அந்த அம்மாவிடம் கையைத் தூக்கச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் பொய்யைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. இராகு காலக் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன்.

அவள் பைப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "அக்கா, நான் இத்தாலிக்கு வெளிக்கிடேக்கையும் நீதான் நேரம் பாத்துத் தந்தனி. விடியப்புறம் நாலே முக்கால், நல்ல சுபநேரம் எண்டு. போயிட்டு ரெண்டு வருசத்திலை வருவாய் எண்டும் சொன்னனி."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. "வைக்கிறன், மனிசிக்கு மருந்து குடுக்கோணும்" என்று போனை வைத்துவிட்டாள். வெள்ளியும் சனியும் அவள் எடுக்கவில்லை. எடுக்க எனக்கும் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சாமியிடம் என்ன கேட்டேன் என்று எழுதத் தேவையில்லை. திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் காடு. பிரசாதப் பையும் மகளின் போனும் என் மடியில் இருந்தன. திடீரென்று போன் அடித்தது. தங்கச்சி. வீடியோவில் வந்தாள், மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கெதியாக் கேள். முன் வீட்டு மனிசி தன்ர மகன்ர அறையைத் தாறா. அவர் ஊரை விட்டுப் போய்க் கனகாலம். ஆனா இவ முகம் தெரியாத ஆக்களுக்குக் குடுக்க மாட்டாவாம். உன்னைப் பாக்கோணுமாம்."

"பிறகு எடுக்கட்டே? கார்..."

"பிறகு எண்டு சொல்லாதை! சேர்ச்சுக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வெளிக்கிட்டு வாசல்லை நிக்கிறா. அங்கை இவவின்ர மச்சாள் நிப்பா. அவவும் ஈஸ்டருக்கு வாற ஆக்களுக்கு இந்த அறையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. மணி அடிக்க முன்னம் பதில் சொல்லோணும்."

போன் கை மாறியது. கறுப்புக் கோட்டுப் போட்ட, என் வயது இருக்கும் ஒரு பெண். கையில் ஹாண்ட்பாக். என்னை உற்றுப் பார்த்து ஏதோ கடகடவென்று கேட்டார்.

"படி ஏறுவியோ எண்டு கேக்கிறா" என்றாள் பக்கத்திலிருந்து தங்கச்சி. "தெருவிலையிருந்து அறுபத்திரண்டு படி அக்கா."

"அம்மா, உங்கட முழங்கால்!" என்றாள் மகள், றோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

காரின் மணிக்கூடு ஐந்து நாற்பது காட்டியது. ஞாயிறு, நாலரையிலிருந்து ஆறு. ஒரு மணித்தியாலம் தள்ளினால் ஐந்தரையிலிருந்து ஏழு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இராகு காலம்.

கடையில் மிச்சக் காசு பிழையாகத் தந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறவள் நான். தெரியாத ஒருவர் முகத்துக்கு முகம் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனைப் பிரசாதப் பையில் சாய்த்து வைத்தேன். இரண்டு கையையும் கூப்பினேன்.

"ஓம்" என்றேன். "ஏறுவன். ஓம். ஓம்."

அந்தப் பெண்ணின் வாய் திறந்தபடியே நின்றது. படம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது.

"கேட்டிருக்குமோ?" என்றேன்.

"தெரியேல்லை அம்மா. இதிலை நிப்பாட்டவும் ஏலாது."

மரம், மரம், மரம். நான் போனைத் தூக்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தேன். மகள் ரேடியோவை நிறுத்திவிட்டாள். எவ்வளவு நேரம் போனதோ, பெரிய றோட்டில் ஏறியதும் போன் ஒருதரம் 'டிங்' என்றது. தங்கச்சி குரலில் அனுப்பிய மெசேஜ். பின்னால் சேர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு சத்தமும் கேக்கேல்லை. ஆனா நீ கும்பிட்டதைப் பாத்திட்டா. தானும் ஹாண்ட்பாக்கைக் கக்கத்திலை இடுக்கிக்கொண்டு உன்னைத் திருப்பிக் கும்பிட்டவ! பிறகு பையுக்குள்ளை கையை விட்டுச் சாவியை எடுத்து என்னட்டைத் தந்திட்டுப் போறா. சாவி என்ர கையிலை, அக்கா."

மகள் காரின் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெளியே மரங்களைப் பார்த்தேன்.

நாங்கள் இன்னும் போகவில்லை. படி ஏறிப் பழக, தினமும் ஸ்டேஷன் படியில் ஏறி இறங்குகிறேன். மகளே, இதை வாசித்தால் இரண்டு விஷயம் சரிபார்த்துத் தா. படி அறுபத்திரண்டா, அறுபத்தாறா என்று சித்தியிடம் கேள். எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. மற்றது, மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினால் இராகு காலமும் தள்ளுமா என்று கோயில் ஐயரிடம் கேட்டு இங்கே எழுதிவிடு. ஆனால் எங்கள் பயணம் முடிந்த பிறகு கேட்டால் போதும்.