காது வைக்காத முகங்கள்

இன்று கொக்குவிலில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போயிருந்தேன்.

கடைக்கார அண்ணை என் ஓவியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தங்கச்சி, உங்கடை படத்திலை ஒருத்தருக்கும் காது இல்லையே? நான் கண்ணாடிப் பெட்டி செய்து தந்த உங்கடை களிமண் சிலைக்கும் இல்லை. நீங்கள் துணியிலை தைச்ச முகத்துக்கும் இல்லை."

எனக்கே அதுவரை தெரியாது. அவருக்குப் பழைய கதை ஒன்றைச் சொன்னேன்.

தொண்ணூறாம் ஆண்டு எனக்கு எட்டு வயது. குண்டு போடும் பொம்மர் விமானம் இரைந்தால், வீட்டுக்குப் பின்னால் அப்பா வெட்டிய பங்கர்க் குழிக்குள் ஓடுவோம். அம்மா என்னை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் என் காதுகளைப் பொத்துவார். தன் காதைப் பொத்த அவருக்குக் கை மிஞ்சாது.

ஒருநாள் குண்டு பக்கத்து வீட்டு வளவில் விழுந்தது. எங்கள் மேல் மண் கொட்டியது.

"அம்மா, அது போயிட்டுதோ?" என்று கத்தினேன்.

அம்மா என் வாயையே பார்த்தார். "என்ன பிள்ளை சொல்லுறாய்? பலமாச் சொல்லு."

அவர் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அந்தக் காது கேட்கவே இல்லை.

இதைச் சொன்னதும் அண்ணை சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்ப காது வையாதேங்கோ, தங்கச்சி."

வீட்டுக்கு வந்து, பிடிவாதமாகத் தாளில் பென்சிலால் ஒரு சிறுமியின் முகத்தைக் கீறிக் காதும் வைத்தேன். உடனே நெஞ்சு படபடத்தது. அந்தக் காதுகளைப் பொத்த இரண்டு கைகளையும் கீறிய பிறகுதான் மூச்சு வந்தது.

இப்போது அந்தக் கைகளுக்கு உரியவளையும் கீற வேண்டும். அவளுக்குக் காது வைக்கவா, விடவா? நீங்களே சொல்லுங்கள்.