ஒரு குழாய், இருபத்து நான்கு வரிசைகள்

இன்றும் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லோரியின் முன் வாளிகள் சிமெண்டில் உரச, யார் முந்துகிறார் என்று பார்க்கிறேன்.

எண்பதுகளில், ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தின் நான்கு வீடுகளுக்கும் ஒரே குழாய். “நாலு வீடும் தண்ணி பிடிக்க தெனமும் வேற வரிச. ஒருக்கா வந்தது திரும்ப வராது” என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். பதினெட்டு நாளாகியும் நாங்கள் முதலில் வரவில்லை. தண்ணீருக்கு நின்று இன்னொரு நாள் வேலைக்குப் பிந்தினால் இனி வேலை இல்லை என்று அம்மாவிடம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார்.

“மொத்தம் எத்தன வரிசடா வரும்?”

மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். “இருபத்து நாலும்மா. நாம மொதல்ல வர்றது ஆறு.”

“பதினெட்டு முடிஞ்சிருச்சு. மிச்ச ஆறும் நம்ம வீடுதான் லா!”

அம்மா அதை மண்டோரிடம் போய்ச் சொன்னார். மறுநாள் அவர் சிரித்தபடி எங்களையே முதலில் அழைத்தார்.

முதலில் வருவது இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீர்; அம்மா அதைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்த பிறகே வாளியை வைத்தார்.