சிவப்புக் கம்பளிக்கு வழி

எங்கள் தங்கச் சுரங்கத்தின் வாயருகே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. சுரங்கக் குழியான ஷாஃப்ட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் செல்லும் செம்மண் பாதையின் ஓரமாக, மரக்கட்டைகளில் முடிச்சிட்டு அதை நீளமாக இழுத்திருந்தார்கள். கயிற்றுக்கு இப்புறம் வெயிலில் நாங்கள் நிற்போம். பாதையின் எதிர்ப்பக்கம், தகரக் கூரையின் நிழலில், வெள்ளைக்காரக் குடும்பங்கள் அமர்வதற்குப் பெஞ்சுகள் போடப்பட்டிருந்தன. உள்ளே விபத்து நேர்ந்தால் அவர்கள் வீடுகளுக்கு ஆள் அனுப்பிச் சொல்வார்கள். எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. நாங்கள் மணியைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆழத்திலிருந்து மேலே வரும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணி அடித்துத்தான் சைகை கொடுப்பார்கள். கல் வருகிறதென்றால் ஒரு விதம்; ஆள் வருகிறானென்றால் வேறு விதம். அடிபட்டவன் வருகிறானென்றால் விட்டுவிட்டு, இழுத்தாற்போல அடிப்பார்கள். கேஜும் குலுங்காமல் மெல்ல ஏறும். கூலிக் குடியிருப்பான லைனில் பிறந்த குழந்தைகளுக்குக்கூட இந்த வேறுபாடு தெரியும். அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் பெண் அந்த மணியைக் கேட்டால் ஊதுகுழலைக் கீழே வைத்துவிடுவாள்.

இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். அடிபட்டவர்கள் எத்தனை பேரானாலும் முதல் கேஜில் வருவது வெள்ளைக்காரர். ஆங்கிலேயர் இருந்தால் ஆங்கிலேயர், இல்லாவிட்டால் இத்தாலிக்காரர். அவர்களுக்குப் பின் சட்டைக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ-இந்தியர். கடைசியில் எங்கள் ஆட்கள். யாருக்குக் காயம் பெரிது என்ற கேள்வி அந்த வரிசையில் எழுந்ததில்லை. முதல் கேஜுக்கென்று வைத்திருந்த ஸ்டிரெச்சரில் சிவப்புக் கம்பளி மடித்துக் கிடக்கும். மற்றவற்றில் சாக்கு. சிவப்புக் கம்பளி பாதையில் வரும்போது கயிற்றுக்கு இப்புறம் நிற்கிறவர்கள் ஓரடி பின்வாங்கித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அப்படி ஓர் உத்தரவு எழுதி ஒட்டப்பட்டிருந்ததாக எனக்கு நினைவில்லை. எவரும் எவருக்கும் கற்றுக்கொடுத்ததாகவும் நினைவில்லை. தாய் குனிவதைக் கண்டு பிள்ளை குனியும்.

அந்தக் கோடை விடுமுறைக்கு நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். மிஷன் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். பங்காருபேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பத்தில் இறங்கி, புழுதியில் நடந்து லைனுக்கு வருவதற்குள் கல்லூரி எனக்கு வேறு யாருடைய வாழ்க்கையோ போலத் தோன்றத் தொடங்கிவிடும். எங்கள் வீடு மூங்கில் தட்டியால் ஆனது. நைனா, என் தகப்பனார், மேஸ்திரியாக இருந்தார். சுரங்கம் தோண்டத் தொடங்கிய நாட்களில் வட ஆற்காட்டிலிருந்து நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். ஓர் இத்தாலிக்காரருக்குக் கீழே, பாறையில் துளையிடும் ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் வந்திருக்கும் நாட்களில் மாத்திரம், ஷிப்ட் முடிந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு, "இன்னா படிச்சே இன்னிக்கு?" என்று கேட்பார். நான் சொல்வதில் பாதி அவருக்கு விளங்காது என்று எனக்குத் தெரியும். முழுவதையும் சொல்வேன்.

அன்று முற்பகலில் தரை அதிர்ந்தது. பலகையில் அடுக்கியிருந்த பித்தளைச் செம்புகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. ஆழத்தில் பாறை தானாக வெடிக்கும்போது மேலே இப்படித்தான் தெரியும். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மணி கேட்கும் முன்பே லைனிலிருந்த பெண்கள் எல்லோரும் ஷாஃப்ட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஓடுவதில்லை. ஓடினால் காவற்காரன் விரட்டுவான்.

கயிற்றருகே வந்து எங்கள் இடத்தில் நின்றோம். அடுத்த வீட்டு அக்கா என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். வீட்டிலிருந்து புறப்பட்டபோது அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"இன்னா பாப்பா, புஸ்தகத்தோட வந்துகிறே? உள்ள கீறவங்களுக்குப் படிச்சுக் காட்டப் போறியா?"

"கேலி பண்ற நேரமா மே இது?" என்றாள் அம்மா.

"கேலி பண்ணாட்டி இன்னா பண்றது, சொல்லு. மொத கேஜு தொரைக்கு. நம்ம ஆளு மேல வர்றதுக்குள்ள பொழுது போயிடும். சாவுறதுக்குக்கூட வரிசையில நிக்கணும் இந்த ஊர்ல."

மணி அடித்தது. விட்டுவிட்டு, இழுத்தாற்போல. எதிர்ப்பெஞ்சில் அப்போதுதான் வந்து அமர்ந்திருந்த, நைனாவுக்கு மேலிருந்த இத்தாலிக்காரரின் மனைவி எழுந்து நின்றாள். அவள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

"பாவம், அந்தம்மா," என்றாள் அம்மா. "ஆண்டவரே, அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

கேஜ் மெல்ல ஏறி நின்றது. கதவு திறந்த ஓசை கேட்டது. அங்கே நிற்பவர்களை எங்கள் இடத்திலிருந்து பார்க்க முடியாது. எஞ்சின் வீட்டுச் சுவர் மறைக்கும். சற்று நேரத்தில் ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வேகமாகப் பாதையில் வந்தார்கள். சிவப்புக் கம்பளி கழுத்துவரை போர்த்தியிருந்தது. முகத்தில் துணிக்கட்டு. கட்டுக்கு வெளியே தெரிந்த நெற்றியும் மயிரும் பாறைத்தூள் அப்பிச் சாம்பல் நிறமாக இருந்தன. சுரங்கத்திலிருந்து வருகிற எவருக்கும் அந்த நிறந்தான்.

"பின்னாலே போ, பின்னாலே," என்றான் காவற்காரன்.

நாங்கள் ஓரடி பின்வாங்கினோம். தலையைக் குனிந்துகொண்டோம். தூக்கிச் செல்கிறவர்களின் கால்களை மாத்திரம் கண்டேன். பிறகு அந்தக் கால்களும் போய்விட்டன. அம்மா முணுமுணுத்துக்கொண்டிருந்த ஜெபம் எனக்குக் கேட்டது. அது இத்தாலிக்காரருக்கான ஜெபம்.

அப்புறம் காத்திருந்தோம். வெயில் ஏறியது. இரண்டாவது கேஜ் வந்தபோது அதிலும் ஸ்டிரெச்சர் இருந்தது. இத்தாலிக்காரரின் மனைவி திடீரென்று கூவிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். அவள் ஏன் அதன் பின்னால் ஓடுகிறாள் என்று நான் யோசித்தேன். அந்த யோசனையை முடிக்கவில்லை. இரண்டாவதாகவும் ஒரு வெள்ளைக்காரர் அடிபட்டிருக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர்களும் அவ்வாறே எண்ணியிருக்க வேண்டும்; அடுத்த வீட்டு அக்கா, "ரெண்டு தொரைங்களா? அப்ப நம்மளுக்கு இன்னும் நேரமாவும்," என்று சொல்லி மண்ணில் குந்தினாள். அம்மா உட்காரவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். அவர் பாதையில் வராமல், புதர்களை ஒட்டிச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். வெள்ளை மேலுடுப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"அக்கா, நீங்க இங்கயா நிக்கிறீங்க? ஏங்க்கா வரலே?"

"எங்க வர்றது? இன்னும் எங்க ஆளுங்க மேல வரலியே."

"மொத கேஜ்ல வந்தது உங்க ஊட்டுக்காரரு, அக்கா."

"மொத கேஜ்ல தொரை வந்தாரு," என்றாள் அம்மா, குழந்தைக்குத் திருத்திச் சொல்வதுபோல. "கம்பளி போட்டு இட்டுகினு போனாங்க. நாங்க பார்த்தோம்."

"தொரை இல்லக்கா. அவுரு," என்றார் கம்பவுண்டர். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவர் நின்ற விதத்தில் மீதி எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பின்னர் அவர் சொன்னவற்றிலிருந்து நடந்ததை நான் வரிசைப்படுத்திக்கொண்டேன். பாறை சரிந்தபோது நைனாவும் இத்தாலிக்காரரும் அடுத்தடுத்து இருந்திருக்கிறார்கள். இத்தாலிக்காரருக்குக் கால் நசுங்கியது. நைனாவுக்கு மார்பு. தம்மை ஏற்ற வந்தவர்களிடம் இத்தாலிக்காரர், மேஸ்திரியை முதலில் அனுப்புங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மேலே காத்திருந்தவர்கள், முதல் கேஜுக்கென்று வைத்திருந்த ஸ்டிரெச்சரில், பழகிய கையோடு நைனாவைக் கிடத்திக் கம்பளியைப் போர்த்தினார்கள். பழகிய காலோடு வெள்ளைக்காரர் வார்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே நர்ஸ் கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டு, இங்கே இல்லை என்றாள். எங்கள் வார்டு ஆஸ்பத்திரி வளாகத்தின் மறுகோடியில், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. ஸ்டிரெச்சரைத் திருப்பிக்கொண்டு அங்கே போகும் வழியில், கிணற்றோரமாக, அவர் உயிர் பிரிந்தது. அதற்குமுன் அவருக்கு நினைவிருந்தது. யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்.

அடக்கம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு இத்தாலிக்காரர் ஊன்றுகோல்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் லைனுக்குள் வந்ததை எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். வாசல் தாழ்வானது, அவரால் குனிய முடியவில்லை. அவருக்குப் போட எங்களிடம் நாற்காலி இல்லை. வெளியிலேயே நின்றார். ஆங்கிலேயர்களின் கிளப்பில் அவரையும் உள்ளே விடுவதில்லை என்று நைனா ஒருமுறை சொல்லியிருந்தார்.

"மேஸ்திரி நல்ல மனுஷன்," என்றார், தமக்குத் தெரிந்த தமிழில். "நான் சொன்னேன், ஃபர்ஸ்ட் அவன் போகணும். நான் சொன்னேன்."

"நல்லதுதான் செஞ்சீங்க தொரை," என்றாள் அம்மா. "நல்லா இருங்க."

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்த பிறகு அம்மா என்னிடம் திரும்பாமலே சொன்னாள்.

"அவுரு வழக்கப்படி மொதல்ல வந்திருந்தாருன்னா, உங்க நைனா பின்னால வந்திருப்பாரு. சாக்கு போட்டு. உசிரோட வந்திருப்பாரோ இன்னாவோ. நான் பார்த்திருப்பேன்."

அம்மா சொன்னதில் எங்கே பிழை என்று பலமுறை தேடியிருக்கிறேன். அவள் கணக்கு எங்கள் இடத்தில் நின்று பார்த்தால் சரியாகவே இருந்தது.

நான் கல்லூரிக்குத் திரும்புவதற்கு முன் அம்மா ஆபீசுக்குப் போக வேண்டுமென்றாள். ஆங்கிலத்தில் சொல்ல என்னை அழைத்துச் சென்றாள். சுரங்கத்தை நடத்தும் பெரிய துரை எங்களை வராந்தாவில் நிறுத்தினாலும் தாமே எழுந்து வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்: அடிபட்ட ஆளை மேலே கொண்டுவந்ததும், அது யாரென்று ஒருவன் கயிற்றருகே வந்து உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் கவனித்து மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். மேஸ்திரியைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொன்னார். நேர்ந்தது வருந்தத்தக்க குழப்பம் என்றும், இனி அத்தகைய குழப்பம் நேராதபடி பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"பார்த்துக்கிறேன்னு சொல்றாரும்மா."

"அப்ப சரி. வணக்கம் சொல்லிட்டு வா."

அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது அவர் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். ஷாஃப்ட்டுக்குப் பின்புறமாக, வேலியைப் பிரித்து, புதிதாக ஒரு பாதை போட்டிருந்தார்கள். அது நேராக எங்கள் வார்டுக்குப் போகிறது. எங்கள் ஆட்கள் இனி அந்த வழியாகத்தான் வருவார்கள். பழைய பாதை முழுவதும் துரைமார்களுக்கு. எங்கள் ஸ்டிரெச்சர்களில் கறுப்புக் கரை போட்ட கம்பளி வைத்திருந்தார்கள், தொலைவிலிருந்தே தெரியும்படி. அந்தப் பாதையோரக் கயிறும் புதிது. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் போடவில்லை. பாதையே வேறாகிவிட்டதால் அதற்குத் தேவையில்லை என்று குமாஸ்தா விளக்கினாராம். லைன் பெரியவர்கள் சேர்ந்து போய்ப் பெரிய துரைக்கு மாலை போட்டு நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

புதிய பாதை வந்து அதிக நாளாகவில்லை. அதற்குள், எங்களைவிட உயர்ந்த சாதியென்று சொல்லிக்கொண்ட மேல் லைன்காரர்கள், தாங்கள் எங்களோடு ஒரே கயிற்றில் கைவைத்து நிற்க முடியாது என்று சொல்லி, சுரங்க வாய்க்கு அருகே தங்களுக்கென ஓரிடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நடுவில் ஒரு மூங்கிலை நட்டார்கள். மூங்கிலுக்குக் கீழ்ப்புறம் எங்கள் இடம். பழைய கயிற்றில், சொல்லப்போனால், எல்லோரும் கலந்துதான் நின்றோம்.

நான் இருந்த அந்த நாட்களில் ஒரு நாள் மணி அடித்தது. அம்மாவுக்கு அந்த ஷாஃப்ட்டில் இப்போது யாரும் இல்லை. இருந்தும் எழுந்து நடந்தாள். நானும் சென்றேன். மூங்கிலைத் தாண்டிப்போய், கீழ்க்கோடியில், வேலியோரமாக நின்றாள். ஸ்டிரெச்சர் வந்தது. கறுப்புக் கரைக் கம்பளி. இந்தப் பாதையில் யாரும் குனியவேண்டியதில்லை. மேல்புறத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அடிபட்டவன் அவர்கள் ஆள். ஒரு கிழவி அலறிக்கொண்டு கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஸ்டிரெச்சரைப் பற்றிக்கொண்டாள். அவன் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் கூடவே ஓடினாள்.

அவர்கள் வளைவில் திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவாம்மா நீ கேட்டது?" என்றேன்.

"நான் கேட்டது இது இல்ல," என்றாள் அம்மா. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா பாரு, அந்தக் கெழவிக்குத் தன் புள்ள எந்தப் பக்கம் வருவான்னு தெரிஞ்சுது இல்ல. வா, போலாம். வெயிலு."