பதின்மூன்று தந்திகளின் இழுப்பு

தம்பி தலைகுனிந்து வாசிக்கும்போதெல்லாம் அவன் முகத்துக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றுதான் அக்கா பார்ப்பாள். சின்ன வயதிலேயே அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துக்கொண்டு பதின்மூன்று தந்திகளை மேய்ப்பதென்றால் முகத்தைத் தந்திமேல் வைக்காத குறையாகத்தான் குனிய வேண்டும். அந்தக் கிட்டாரைச் செய்து கொடுத்தவள் அவள்தான்.

தெருவில் அவளுக்குக் கிட்டாரக்கா என்று பெயர். நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவள், உடைந்த கிட்டார் ஒன்றை ஒட்டிக்கொடுக்கப் போய் அதிலேயே விழுந்துவிட்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, "வீடு பூரா மரத்தூளு. மாப்பிள்ளைய எங்கடி உக்கார வைப்பே?" என்று சித்தி கேட்டாள். "தட்டிட்டு உக்காரட்டும்" என்றாள் இவள். எவனும் வரவில்லை. அவளும் அதற்காகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை.

தம்பிக்குப் பைத்தியமெல்லாம் லூட் இசைமேல். லூட் என்பது பழைய காலத்து வாத்தியம். பாதியாக வெட்டிய பூசணி மாதிரி முதுகு உப்பியிருக்கும். அதற்கென்று எழுதிய இசையை ஆறு தந்திக் கிட்டாரில் வாசித்தால் அடிச்சுரங்கள் அம்போ. அதனால் கழுத்தை அகலமாக்கி, கட்டைவிரலால் மீட்டுவதற்கென்று ஏழு தந்திகளைக் கூட்டி, அவனுக்காகவே ஒன்று செய்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். லூட்டின் குரல் வரவேண்டுமே என்று முன்பலகையையும் லூட் அளவுக்கே இழைத்து மெலிதாக்கினாள். லூட்டின் தந்திகள் தளர்வானவை, கிட்டாரின் தந்திகள் விறைப்பாக இழுப்பவை. இது தெரியாதவளா அவள்? ஆசை கண்ணை மறைத்தது.

"அக்கா, நிஜமாவே லூட் பேசற மாதிரி இருக்கு!" என்று தம்பி குதித்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

முன்பலகைமேல் ஒட்டி, தந்திகளின் அடிமுனையைக் கட்டிவைக்கும் மரத்துண்டைப் பிரிட்ஜ் என்பார்கள். அதன் பின்விளிம்பில் ஒருநாள் காகிதத் துணுக்கைச் செருகிப் பார்த்தாள். ஒட்டு சரியாக இருந்தால் காகிதம் நுழையாது. நுழைந்தது. பலகை அங்கே லேசாக உப்பியும் இருந்தது. பிரிட்ஜ் பிய்ந்தால் அத்தனை தந்திகளின் இழுப்போடும் தெறிக்கும். மேலே இருப்பது அவன் முகம்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுடைய முதல் பெரிய கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. அழைப்பிதழில் வாத்தியம் செய்தவள் என்று இவள் பெயரையும் போட்டிருந்தார்கள். கச்சேரி முடியட்டும், கமுக்கமாக வாங்கிச் சரிபண்ணிவிடலாம் என்று நாளைத் தள்ளினாள். துடைக்கிறேன் என்று வாங்கித் தந்திகளைத் தளர்த்திவிட்டு வருவாள். அவன் மறுபடி முறுக்குவான். காகிதம் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிற்று.

கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் அவன் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். அறை புழுங்கியது. டொக் என்று ஒரு சத்தம்.

"என்னக்கா அது?"

"ஒண்ணுமில்லடா. மரம் சூட்டுல விரியும்."

அவன் நம்பினான். நம்பியதோடு நிற்காமல், இன்னும் ஏதாவது கேட்கிறதா என்று கன்னத்தைப் பலகையோடு வைத்தான். அவள் பாய்ந்தாள். கிட்டாரைப் பிடுங்கி, ஒரு கையால் பிரிட்ஜை அமுக்கிக்கொண்டு மறுகையால் தந்திகளைத் தளர்த்தத் தொடங்கினாள்.

"இப்ப கூப்பிடுவாங்கக்கா! என்ன பண்றே?"

பாதித் தந்திகள் தளர்வதற்குள் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு அவள் உள்ளங்கையைக் கிழித்தது.

தம்பி பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்துக் காயத்தைச் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

"அது பிய்யறதுக்கு முன்னாடியே கைய வச்சியே. தெரியுமா உனக்கு?"

ஆமென்று அவள் தலையாட்டினாள்.

"இத்தனை நாளும் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானேக்கா இருந்தே?"

முடிச்சைப் போடாமலே எழுந்து, இன்றைக்குக் கச்சேரி இல்லையென்று சொல்ல அவன் வெளியே போனான். அவள் பல்லால் கைக்குட்டையைக் கடித்து முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.